ஒரு கடிதம், சில ஞாயிற்றுக்கிழமைகள்

நள்ளிரவு. உங்கள் நண்பர் ஒருவர் போன் பண்ணுகிறார். "எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லணும். நீ சொன்னா நம்புவாங்க. சொன்னா நான் தப்பிச்சிடுவேன்" என்கிறார். என்ன செய்வீர்கள்?

சினிமாவாக இருந்தால் பிரச்னையே இல்லை. நண்பனுக்காக ஜெயிலுக்கே போகலாம், நடுவில் ஒரு பாட்டும் உண்டு. ஆனால், எனக்கு நிஜமாகவே அப்படி ஒரு போன் வந்தது. 2016 நவம்பர் கடைசி. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய், ஊரே ஏ.டி.எம். வாசலில் நின்றுகொண்டிருந்த நேரம். போனில் +44 என்று தொடங்கும் நம்பர்.

பேசியவன் என் கல்லூரித் தோழன். பி.காம். மூன்று வருஷமும் ஒரே பெஞ்ச். பேரேட்டில் பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். 2010-ல் மாணவர் விசாவில் லண்டன் போனான். போகும்போது என்னிடம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன் வாங்கினான். அதை நான் மனதுக்குள் எப்போதோ வாராக்கடனில் எழுதிவிட்டேன். அது வேறு கதை.

அவன் சேர்ந்த கல்லூரி, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்தை இரண்டே வருஷத்தில் இழந்தது. அறுபது நாளுக்குள் வேறு கல்லூரி தேடு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார்கள். மறுபடி ஃபீஸ் கட்டக் காசு இல்லை. ஊருக்குத் திரும்பினால் கடன்காரர்கள். 'இன்னும் ஒரு வருஷம்... இன்னும் ஒரு வருஷம்' என்று ஓட்டல் சமையலறைகளில் நான்கு வருஷம் ஓட்டினான். 2016 அக்டோபரில் ஓர் இரவு அதிகாரிகள் அந்த ஓட்டலுக்குள் நுழைந்தார்கள். அவன் கையில் அப்போது வெங்காயம் இருந்ததாம். சொல்லும்போது சிரித்தான்.

ஹீத்ரோ விமான நிலையத்தின் வடக்கு ஓடுபாதையை ஒட்டி ஹார்மண்ட்ஸ்வொர்த் என்று ஓர் இடம். 600 பேருக்கு மேல் அடைத்து வைக்கிற அளவுக்குப் பெரியது. சிறை என்று சொல்லமாட்டார்கள், 'வெளியேற்றும் மையம்' என்பார்கள். பேரில் என்ன இருக்கிறது... பூட்டு கதவுக்கு வெளியேதான். தலைக்கு மேலே நாளெல்லாம் விமானம். திருடி மாட்டிக்கொண்டவனுக்கு ஆறு மாசம் என்றால் ஆறு மாசம். காலண்டரில் கோடு போட்டுக்கொண்டே வரலாம். இவர்களுக்கு அந்தக் கோடு போடும் வசதி கிடையாது. என் நண்பனைப் போன்றவர்களை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு பிரிட்டனில் உச்சவரம்பே இல்லை. மாசத்துக்கு ஒரு கடிதம் மட்டும் வரும், 'உங்களை ஏன் இன்னும் அடைத்து வைத்திருக்கிறோம்' என்று.

உள்ளே அவனுக்கு வேலையும் கிடைத்தது. மணிக்கு ஒரு பவுண்டு. வெளியே அந்த வருஷம் இருபத்தைந்து வயது தாண்டியவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 7.20 பவுண்டு. அந்த ஒரு பவுண்டைச் சேர்த்துத்தான், கேமரா இல்லாத சாதா போனுக்கு டாப்-அப் போட்டு என்னைக் கூப்பிட்டான்.

கேட்டது இதுதான். "நீ பத்திரிகைக்காரன். லெட்டர்ஹெட்ல ஒண்ணு எழுதிக் குடுடா. ஊருக்கு வந்தா என் உயிருக்கு ஆபத்துன்னு. ஏதாவது ஒரு அரசியல் காரணம் நீயே போட்டுக்கோ."

அரசியலா? கல்லூரித் தேர்தலில் ஓட்டுக்கூடப் போடாதவன் அவன்.

முடியாது என்றேன். காரணமும் சொன்னேன். அவன் அறைக்கு எதிர் அறையில் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் இருப்பதாக அவனே முன்பு சொல்லியிருந்தான். திருப்பி அனுப்பப்பட்ட ஈழத்தமிழர்கள் அங்கே சித்ரவதைக்கு ஆளானதை மருத்துவச் சான்றுகளோடு ஆவணப்படுத்தியிருந்தார்கள். 2013 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றமே அப்படிச் சிலரை விமானத்தில் ஏற்றுவதை நிறுத்திவைத்தது. அப்படிப்பட்ட ஒருவன் எதிர் அறையில் இருக்கும்போது, ஓட்டலில் வேலை பார்த்த நீ பொய்யாக 'உயிருக்கு ஆபத்து' என்று போனால், அடுத்து உண்மையைச் சொல்கிறவனையும் அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். "உன் பொய்யால அவன் உண்மை அடிபடும்டா" என்றேன்.

சொல்லி முடித்ததும் இந்த வரி எனக்கே பிடித்துப்போனது. ஏதாவது கட்டுரையில் பயன்படுத்தலாம் என்றுகூடத் தோன்றியது. பாருங்கள், நண்பன் கம்பிக்குப் பின்னால்... எனக்கு வரி!

அவன் கோபப்படவில்லை. "சரிடா, விடு" என்று வைத்துவிட்டான்.

முடியாது என்று சொன்னதில் தப்பில்லை. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான். அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரை.

அவன் மறுபடி போன் செய்தான். நான் எடுக்கவில்லை. இன்னொரு நாள் செய்தான். அப்போதும் எடுக்கவில்லை. டிசம்பர் 5-ம் தேதி ஜெயலலிதா காலமானார். அந்த வாரம் எந்தப் பத்திரிகைக்காரன் தூங்கினான், சொல்லுங்கள்? காரணம் தயாராக இருந்தது, உண்மையான காரணமும்கூட. ஆனால் அதே வாரத்தில் வேறு எத்தனையோ போன்களை எடுத்துப் பேசினேன். +44 வந்தால் மட்டும் போனைத் திருப்பி வைத்தேன். திரும்பவும் கெஞ்சுவானோ என்ற பயம். 'ஒருமுறை கொள்கையோடு மறுத்தாச்சு, இன்னொரு முறை மறுக்கத் தெம்பு இருக்குமா' என்கிற பயம்.

டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல். சென்னையில் மரங்கள் சாய்ந்தன, கரன்ட் போனது, பாதி ஊருக்கு செல்போன் டவர் இல்லை. நாலாவது நாள் லண்டனிலிருந்து இன்னொருவன் கூப்பிட்டான். எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்ச். ஆடிட்டிங் பேப்பரில் மூன்று முறை அரியர் வைத்தவன். ஈஸ்ட் ஹாமில் கடை கணக்கு எழுதுகிறான்.

"டேய், அவன் நாலு நாளா அம்மாவுக்கு டிரை பண்றான். லைன் போகல. அம்மா தனியா இருக்காங்க. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

"அவன்கூட நீ பேசுறியா?"

"வாராவாரம் போறேன்ல..."

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயில், அப்புறம் பஸ். லண்டனின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். அடையாள அட்டை, முகவரிச் சான்று, சோதனை எல்லாம் முடிந்து அவன் எதிரில் ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டு வருவான். நம்ம ஊர் ஜெயிலில் 'மனு போட்டுப் பார்ப்பது' என்பார்களே, அதுதான். வக்கீலுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வானா, சட்டம் பேசுவானா என்றால், ஒன்றும் இல்லை. அந்த வாரம் சென்னையில் இங்கிலாந்தோடு டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கே.எல். ராகுல் 199-ல் அவுட் ஆனார். ஒரே ஒரு ரன்! அன்று மையத்தில் இரண்டு பேரும் முழு நேரமும் அந்த ஒரு ரன்னைப் பற்றியே பேசினார்களாம்.

நான் கேட்டேன், "உங்கிட்டேயும் பொய் சொல்லச் சொல்லிக் கேட்டானா?"

"கேட்டான். முடியாதுன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... அடுத்த வாரம் போனேன்."

வாசகர்களே, இந்த 'அப்புறம் என்ன' என்னை உட்கார வைத்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறோம். அவன் கடிதத்துக்கு முடியாது என்றான். நான் ஆளுக்கே முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

வள்ளுவர் நட்புக்கு மட்டும் ஐந்து அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அதில் 'நட்பாராய்தல்' என்று ஒன்று. ஆராய்ந்து பார்த்துப் பழகு என்பது. அதற்கு அடுத்ததே 'பழைமை'. பழகிவிட்ட பிறகு, அவன் உரிமை எடுத்துக்கொண்டு ஏதாவது செய்தால் பொறுத்துக்கொள் என்பது. வரிசையைக் கவனியுங்கள். ஆராய்ச்சி முதலில், பழைமை பிறகு. நான் பதினேழு வருஷப் பழக்கத்துக்குப் பிறகு, அவன் கம்பிக்குப் பின்னால் போன பிறகு, ஆராய்ச்சியை ஆரம்பித்தவன்.

அம்மாவைப் பார்க்கப் போனேன். பெரம்பூரில் வீடு. வாசலில் வேப்பமரம் விழுந்து வழியை அடைத்திருந்தது. கிளைகளுக்கு நடுவே குனிந்து உள்ளே போனேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மா. "அவன்கிட்டேர்ந்து போன் வந்துதா தம்பி? நல்லா இருக்கானா?"

மகன் ஏதோ ஹாஸ்டலில் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான்.

"நல்லா இருக்கான்மா. இங்கே டவர் இல்லைல்ல, அதான் லைன் கிடைக்கலை" என்றேன்.

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அரசாங்கத்துக்கு ஒரு பொய் எழுத அத்தனை தர்க்கம் பேசிய வாய், அவனைப் பெற்றவளிடம் தடுக்காமல் பொய் சொன்னது. வெளியே வந்து விழுந்து கிடந்த மரத்து மேலேயே உட்கார்ந்தேன். என் பிரச்னை பொய் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. லெட்டர்ஹெட்டில் என் பேர் இருக்கும், அதுதான் பிரச்னை. எதிர் அறைப் பையனைப் பற்றி நான் சொன்னது உண்மைதான். ஆனால் அன்று நான் அதைச் சொன்னது அந்தப் பையனுக்காகத்தானா என்று கேட்டால், நேராக பதில் சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி அவனே கூப்பிட்டான். எடுத்தேன். அம்மா நலம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஊருக்கே வந்துடறேன்டா" என்றான்.

ஈஸ்ட் ஹாம்காரன் ஜாமீன் கொடுக்கத் தயாராக இருந்தான். முகவரியும் என் வீடு, பணமும் என் பணம் என்று. வெளியே வந்தாலும் மறுபடி ஒளிந்து ஒளிந்துதானே வாழ வேண்டும், போதும் என்று சொன்னது இவன்தான். சரி, அவன் போகிறேன் என்கிறான், அவர்கள் அனுப்புகிறேன் என்கிறார்கள்... அனுப்ப வேண்டியதுதானே? அங்கேதான் வேடிக்கை. பாஸ்போர்ட்டை எங்கோ தொலைத்திருந்தான். இந்தியத் தூதரகம் அவசரப் பயணச் சான்றிதழ் தரவேண்டும். அதற்கு இவன் இந்தியன்தான் என்று ஊரில் விசாரித்து உறுதி செய்ய வேண்டும். அந்தக் காகிதம் வரும்வரை உள்ளேதான். 'போ' என்று சொன்ன நாட்டுக்கும் 'வா' என்று இன்னும் சொல்லாத நாட்டுக்கும் நடுவே, மணிக்கு ஒரு பவுண்டு கூலியில்.

இப்போது ஊரில் ஓர் ஆள் தேவைப்பட்டது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பழைய ரேஷன் கார்டு நகல், டி.சி... பொய்க் கடிதம் தரமாட்டேன் என்றவனுக்கு நிஜக் காகிதங்கள் தேடும் வேலை வந்தது. அதோடு இன்னொன்றும். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள். போலீஸ்காரர் வாயால் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. யார் சொல்வது? நான்தான்.

சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "அங்கே சாப்பாடு போடறாங்களா?"

"போடறாங்கம்மா."

அடுத்துக் கேட்டது, "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"அக்டோபர்லேர்ந்து."

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் பீரோவைத் திறந்து மதிப்பெண் பட்டியலை எடுத்துவந்து கொடுத்தார். இருபது வருஷமாக அந்த வீட்டுக்குப் போகிறேன். காபி சாப்பிடாமல் திரும்பியது அன்று ஒருநாள்தான்.

பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பிலோயலா என்கிற சின்ன ஊரின் கதையைப் படிக்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும். குயின்ஸ்லாந்தில், ஏறத்தாழ ஆறாயிரம் பேர் இருக்கிற ஊர். படகில் தனித்தனியாக வந்து சேர்ந்த ஓர் ஈழத்தமிழ்த் தம்பதி அங்கே வாழ்ந்தார்கள். கணவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். 2018 மார்ச் 5-ம் தேதி விடியற்காலையில் அதிகாரிகள் வந்து நாலு பேரையும் அழைத்துப்போனார்கள். விசா முடிந்துவிட்டது என்பது காரணம். ஊர்க்காரர்கள் விடவில்லை. தமிழும் தெரியாது, அகதிச் சட்டமும் தெரியாது. பக்கத்து வீடு காலியாகிவிட்டது என்பது மட்டும் தெரியும். கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். 2019 ஆகஸ்டில் அந்தக் குடும்பத்தை விமானத்திலேயே ஏற்றியாயிற்று. நடுவானில் இருக்கும்போது நீதிபதி போன் மூலம் தடை உத்தரவு போட, விமானம் டார்வினில் இறங்கியது. அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவு. வழக்குக்கு மேல் வழக்கு. இவர்கள் அகதிகள் என்பதை ஆஸ்திரேலிய அரசும் ஏற்கவில்லை, நீதிமன்றமும் காப்பாற்றவில்லை.

ஆனால் ஊர் விலகவில்லை. 'கோர்ட்டே சொல்லிடுச்சு, இனி நாம என்ன செய்ய' என்று வீட்டுக்குப் போய்விடவில்லை. நாலு வருஷம். 2022 மே மாதம் ஆட்சி மாறியது, ஜூன் 10-ம் தேதி அந்தக் குடும்பம் பிலோயலாவுக்குத் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. கூடவே ஒரு நெருடலும். அவர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள், இரண்டு சின்னக் குழந்தைகள். போட்டோவைப் பார்த்தாலே மனசு இளகும். என் நண்பனுக்கு முப்பத்தெட்டு வயசு. முன்வழுக்கை. தொப்பை. கடன். சொன்ன பொய்கள் ஒன்றிரண்டு. அவன் போட்டோவை வைத்து யாரும் ஊர்வலம் போகமாட்டார்கள். போகவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஊருக்கே பிடிக்கிற மாதிரி இருந்தால் ஊர் வரும். அப்படி இல்லாதவனுக்கு யார் வருவது? கடைசி பெஞ்ச்தானா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹார்மண்ட்ஸ்வொர்த்தையும் கிறிஸ்துமஸ் தீவையும் பற்றி இவ்வளவு பேசுகிற எனக்கு, திருச்சி மத்திய சிறை வளாகத்தில் 'சிறப்பு முகாம்' ஒன்று இருப்பது பல வருஷமாகத் தெரியும். ஈழத்தமிழர்களும் வேறு பல நாட்டுக்காரர்களும் அங்கே அடைபட்டிருப்பதும் தெரியும். அங்கே யாராவது உண்ணாவிரதம் இருந்தால் நாலு பத்தி செய்தி எழுதியிருக்கிறேன். ராஜீவ் வழக்கில் 2022-ல் விடுதலையான சாந்தன், அந்த முகாமில் வைக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் ஊர் போய்ச் சேராமலே சென்னை மருத்துவமனையில் இறந்தபோதும் எழுதினேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அங்கே யாரையும் பார்க்க நான் மனு போட்டதில்லை. எழும்பூரில் ரயில் ஏறினால் ஐந்து மணி நேரப் பயணம். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹீத்ரோவைவிடத் தூரம்தான், ஒப்புக்கொள்கிறேன்...

2017 பிப்ரவரியில் அவன் வந்தான். தமிழ்நாட்டுப் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் கூவத்தூர் ரிசார்ட் வாசலில் காத்துக் கிடந்த வாரம். நான் மீனம்பாக்கத்தில் காத்துக் கிடந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான் லக்கேஜ். பார்த்ததும் "டிக்கெட் அவங்க செலவு. ரிட்டன்தான் கிடையாது" என்றான். காரில் வரும்போது கடிதத்தைப் பற்றி அவன் எடுப்பான் என்று நானும், எடுக்காத போன்களைப் பற்றி நான் எடுப்பேன் என்று அவனும் காத்திருந்த மாதிரி இருந்தது. பெரம்பூர் வரை இரண்டு பேரும் கூவத்தூரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். அம்மா அன்று எனக்கும் சேர்த்துக் காபி போட்டார். பன்னிரண்டாயிரம் ரூபாய் இன்னும் வரவில்லை.

போன மாசம் ஈஸ்ட் ஹாம்காரனோடு பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய் என்று கேட்டேன், சும்மாதான் கேட்டேன்.

"அங்கேதான் போறேன்."

"எங்கே?"

"ஹார்மண்ட்ஸ்வொர்த்."

"யாருடா இருக்கா அங்கே இப்போ?"

"எனக்கு யாரும் இல்ல. உள்ளே இருக்கிறவங்களைப் போய்ப் பாக்குறதுக்குன்னு ஒரு குழு இருக்கு. ஒரு பேரு குடுப்பாங்க. போய் உக்காந்துட்டு வருவேன். போன மாசம் ஒரு வியட்நாம்காரர். அவருக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு வியட்நாம் பாஷை வராது. செஸ் ஆடினோம்."

"இந்த வாரம்?"

"இந்த வாரம் போனேன், ஆளு இல்லைன்னாங்க. விட்டுட்டாங்களா, அனுப்பிட்டாங்களான்னு கேட்டேன். சொல்ல மாட்டாங்க. பஸ்ஸு வேற நாப்பது நிமிஷம் லேட்டுடா, சரியான குளிரு..."